கிணத்துத் தோளும் காலேஜ் குளமும்

எங்கள் பக்கத்தில் கல்லூரி நீச்சல் அணியில் இருக்கும் ஒரு பையனிடம் எங்கே நீச்சல் கற்றாய் என்று கேட்டுப் பாருங்கள். கோவை டவுனுக்குள் வளர்ந்தவன் என்றால் ஏதாவது கோச்சிங் கிளாஸ் பேரைச் சொல்வான். கோபி, அந்தியூர், பெருந்துறை, திருச்செங்கோடு என்று வெளியே வந்துவிட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "எங்க தோட்டத்துக் கெணத்துலதாங்க." முதுகில் சுரைப்புருடையோ காலி ஆயில் கேனோ கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மாமன் மேலே நின்று பிடித்துக்கொள்ள, பாதித் தண்ணீரைக் குடித்து முடித்துப் பழகிய நீச்சல். நானும் அப்படிப் பழகியவன்தான். அப்புறம் பொறியியல் கல்லூரி, பி.டி. சார், அணி, மண்டலப் போட்டி. இரண்டாவது செமஸ்டர் முடிவதற்குள் வலது கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியாத நிலைமை. அம்மா நம்பவே இல்லை. "தண்ணி மெத்துனு இருக்குது, அதுல என்னடா அடி படும்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. நீச்சலில் அடி என்பது பெரும்பாலும் மோதுவதால் வருவது அல்ல, இடம் மாறுவதால் வருவது. கிணற்றிலிருந்து குளத்துக்கு, பள்ளியிலிருந்து கல்லூரிக்கு, மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் திடீரென்று முழுப் பயிற்சிக்கு. உடம்பு பழைய இடத்துக் கணக்கிலேயே இருக்கும், வேலை மட்டும் புது இடத்துக் கணக்கில் நடக்கும்.

தோளில் இருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் நீச்சல்காரனுக்கு முதலில் போவது அதுதான். 25 மீட்டர் குளத்தில் ஃப்ரீஸ்டைல், அதாவது குப்புறக் கிடந்து கையை மாற்றி மாற்றி வீசும் நீச்சல், அடிக்கும் சாதாரணக் கல்லூரிப் பையன் ஒரு நீளத்துக்குக் கைக்கு ஒன்பது பத்து வீச்சு போடுவான். ஒரு நாளைக்கு 3 கிலோமீட்டர் என்றால் 120 நீளம், ஒரு கைக்கு ஆயிரத்துக்கு மேல் சுற்று. வாரம் ஆறு நாள் என்றால் ஆறாயிரத்தைத் தாண்டும். 3 கிலோமீட்டர் ஒன்றும் பெரிய பயிற்சி இல்லை, சர்வதேச அளவில் நீந்துகிறவர்கள் ஒரே நாளில் அதைப் போல மூன்று மடங்கு போவார்கள். இப்போது கிணற்றை நினைத்துப் பாருங்கள். முப்பது நாற்பது அடி அகலம், நாலைந்து வீச்சு போட்டால் எதிர்ச் சுவர். அப்புறம் படியேறி மேலே போய், கத்திக்கொண்டு குதித்து, மறுபடி படி. இரண்டு மணி நேரம் ஆட்டம் போட்டாலும் கை இருநூறு தடவை சுற்றியிருக்குமா என்பது சந்தேகம். மூச்சு இருக்கிறது, பயம் இல்லை, காலில் நல்ல பலம் இருக்கிறது. ஆனால் அந்தத் தோள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியது இல்லை.

தோள்மூட்டின் அமைப்பே அப்படி. ஆழமில்லாத சின்னத் தட்டில் தேங்காயை உட்கார வைத்த மாதிரி, எந்தப் பக்கமும் சுழலும், எந்தப் பக்கமும் நழுவும். அதைத் தட்டிலேயே பிடித்து வைப்பது ரொட்டேட்டர் கஃப் என்று டாக்டர்கள் சொல்லும் நாலு சின்னத் தசைகள். அதில் மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸின் தசைநார், தோள்பட்டையின் எலும்புக் கூரைக்கு அடியில் ஒரு குறுகலான சந்து வழியாகப் போகிறது. கையை உள்பக்கம் திருப்பித் தலைக்கு மேலே நீட்டும்போது அந்தச் சந்து இன்னும் சுருங்கும். ஃப்ரீஸ்டைலும், இரண்டு கையையும் ஒன்றாக வீசும் பட்டர்ஃபிளையும் அதைத்தானே செய்கின்றன! மாடு கட்டிக் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்தில் வடக்கயிறு ஒரே நாளில் அறுந்ததில்லை, ஒரே இடத்தில் உரசி உரசித்தான் நைந்தது. தோளும் அதே கதை. 1974இல் கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்த வலிக்கு "நீச்சல்காரர் தோள்" என்றே பெயர் வைத்து எழுதினார்கள். அதன்பின் வந்த ஆராய்ச்சிகள் உரசல் மட்டும் காரணம் இல்லை என்று சேர்த்துச் சொல்கின்றன. மூட்டின் தளர்வு, தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளின் களைப்பு, திடீரென்று கூடும் தூரம், எல்லாம் சேர்ந்துதான் ஆளைக் கவிழ்க்கின்றன.

களைப்பு என்பதை நான் அனுபவித்துப் புரிந்துகொண்டேன். முதல் ஒரு கிலோமீட்டர் கை ஒழுங்காகத்தான் விழும். இரண்டாவதில் முழங்கை தண்ணீருக்குள் தொங்க ஆரம்பிக்கும், கை தலைக்கு நேர்க்கோட்டைத் தாண்டிக் குறுக்கே போய் விழும், கட்டைவிரல் முதலில் இறங்கும், உடம்பு உருளாமல் தட்டையாகவே கிடக்கும். அந்த நிலையில் போடும் ஒவ்வொரு வீச்சும் அந்தச் சந்தை நெரிக்கிறது. ஒரே பக்கம் மூச்சு எடுக்கிறவனுக்கு ஒரு தோள் எப்போதுமே கூடுதல் பாரம் வாங்கும். இதற்கு மேல் கையில் பேடல் என்ற பிளாஸ்டிக் தட்டை மாட்டிவிட்டால், பலம் வரட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் மாட்டுகிறார்கள், களைத்த தோள் தள்ள வேண்டிய தண்ணீர் இன்னும் அதிகமாகும். அடுத்து ஒரு வேடிக்கை. தோள் வலிக்கிறது என்று சொன்னால் உடனே கிக் போர்டு என்ற மிதக்கும் பலகையைக் கொடுத்துக் "கால் மட்டும் அடி" என்பார்கள். போர்டைப் பிடித்துக் கையைத் தலைக்கு முன்னால் நீட்டி வைத்திருப்பதும் தோளை அதே நெருக்கடியில்தான் வைக்கிறது. கையை உடம்போடு ஒட்டி, மல்லாக்கக் கிடந்து கால் அடிக்கச் சொல்வது எவ்வளவோ மேல்.

அப்புறம் அந்த ஸ்ட்ரெச்சிங். ஒருவன் உட்கார, இன்னொருவன் பின்னால் நின்று அவனுடைய இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இழுப்பது. இழுக்க இழுக்க நல்லது என்று எங்கள் அணியில் போட்டியே நடக்கும். நீச்சல்காரர்களில் பலருக்கு ஏற்கெனவே தளர்ந்த மூட்டின் முன்பக்க உறையைத்தான் அது இன்னும் தளர்த்துகிறது. தேவை தளர்வு இல்லை, பிடிப்பு. மார்பும் முதுகும் தண்ணீரை இழுத்து இழுத்து முறுக்கேறிப் போகின்றன, கையை வெளிப்பக்கம் சுழற்றும் சின்னத் தசைகளோ வேலையில்லாமல் நோஞ்சானாகக் கிடக்கின்றன. அந்தச் சமன்குலைவைச் சரி செய்ய எனக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்ன மருந்து பழைய சைக்கிள் டியூப். கதவுக் கைப்பிடியில் கட்டி, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்து, கையை வெளியே இழுப்பது, தினமும் சில செட். பத்து ரூபாய் செலவில்லை. பார்க்கக் கேவலமாக இருக்கும், ஹாஸ்டலில் கிண்டல் வரும், ஆனால் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழித்ததும் ஸ்ப்ரே அடித்ததும் செய்யாததை அது செய்தது.

வலிக்கும் படிகள் உண்டு. முதலில் நீந்தி முடித்த பிறகு மட்டும் வலிக்கும். அடுத்து நீந்தும்போதே வலிக்கும். அதற்கும் அடுத்து ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. முதல் படியில் தூரத்தைக் குறைத்தால் சில வாரங்களில் சரியாகிவிடக்கூடிய விஷயத்தை, வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்றாவது படி வரை இழுத்துக்கொண்டு போவதுதான் நம் கல்லூரி வழக்கம்.

ஏன் இழுக்கிறோம்? ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் வாங்கியவன் "வலிக்குதுங்க சார்" என்று சொல்லத் தயங்குவான், சொன்னால் ஹாஸ்டல் சலுகை போகுமோ வருகைப்பதிவு போகுமோ என்ற பயம். பி.டி. சாருக்கு ஒட்டுமொத்தப் புள்ளி வேண்டும். அதனால் நீச்சல்காரனே கபடியிலும் இருப்பான், கைப்பந்தில் ஆள் குறைந்தால் அங்கேயும் இருப்பான், சாயங்காலம் ஜிம்மில் தலைக்கு மேல் எடையும் தூக்குவான். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக நீச்சல் அணியை ஐந்து ஆண்டுகள் கவனித்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு இங்கே அப்படியே பொருந்துகிறது. அதிகம் அடிபட்ட இடம் தோள். அதிகம் அடிபட்டவர்கள் முதலாண்டு மாணவர்கள். கணிசமான காயங்கள் தண்ணீருக்குள் வந்தவையே அல்ல, தரையில் செய்த பயிற்சிகளில் வந்தவை. அங்கே பள்ளியில் ஒழுங்காகக் குளத்தில் பழகி வந்த பிள்ளைகளுக்கே முதல் வருசம் இந்த நிலை என்றால், கிணற்றிலிருந்து நேரே வருகிறவனை முதல் மாதமே சீனியரோடு ஒரே செட்டில் விடுவது எந்த ஊர் நியாயம்?

பெண்களுக்கு இதிலேயே இன்னொரு சிக்கல். பல குளங்களில் அவர்களுக்குத் தனி நேரம், அது பெரும்பாலும் ஒரு மணி நேரம். உடை மாற்றி, தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்து இறங்கும்போது கால் மணி போயிருக்கும். மிச்ச நேரத்தில் முழுத் தூரத்தையும் முடிக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டுப்படுவது வார்ம்-அப்.

முட்டி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிப்பவர்களுக்கு முட்டியின் உள்பக்கம் வலிக்கும். காலை வெளியே மடக்கிச் சாட்டை மாதிரி உள்ளே சுழற்றும்போது உள்பக்கத் தசைநார் ஒவ்வொரு உதைக்கும் இழுபடுகிறது. கிணற்றுத் தவளை நீச்சலில் நாம் காலை அகலமாகப் பரப்பி உதைத்துப் பழகியிருப்போம், அதே உதையை வேகமாக, ஆயிரம் தடவை போட்டால் முட்டி பேசாமல் இருக்குமா? இன்னொரு கிணற்றுப் பழக்கம் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்து நீந்துவது. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது, எவன் மேலேயிருந்து நம் தலையில் குதிக்கிறான், தண்ணிப்பாம்பு எந்த வங்கில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குளத்தில் அதே தலை தூக்கலோடு மூன்று கிலோமீட்டர் போனால் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். பட்டர்ஃபிளை அடிப்பவர்களுக்கு இடுப்பு வலி வாரக்கணக்கில் விடவில்லை என்றால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். முதுகெலும்பை மறுபடி மறுபடி பின்னால் வளைப்பதில் கீழ் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழுவது உண்டு.

பேக்ஸ்ட்ரோக்கில் தலையைச் சுவரில் மோதிக்கொள்வதற்கு மருந்து ரொம்ப சுலபம். சுவரிலிருந்து 5 மீட்டரில் குறுக்கே கொடி கட்ட வேண்டும் என்பது விதி, மல்லாக்க வருகிறவன் கொடியைப் பார்த்ததும் வீச்சை எண்ண ஆரம்பிப்பான். போட்டியன்று மட்டும் அதைக் கட்டிவிட்டுப் பயிற்சியில் சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டு வைத்திருந்த குளத்தில்தான் நான் பழகினேன்.

இனி டைவிங். தமிழ்நாட்டில் எம்பிக் குதிக்கும் ஸ்பிரிங் போர்டு பலகையும் அசையாத உயர மேடையும் ஆழமும் ஒழுங்காக இருக்கும் குளம் என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது சென்னை வேளச்சேரி, 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டியது. கொங்குப் பக்கத்துக் கல்லூரிப் பையன் பலகையைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாலும் போட்டிக்குப் போன இடத்தில்தான். ஆனால் டைவிங்கில் ஆள் குறைவு, புள்ளி சுலபம் என்பதால் "கிணத்துல பல்டி அடிப்பியாடா? அப்ப நீ டைவிங்" என்று பேர் கொடுத்துவிடுவார்கள். எங்கள் செட்டில் அப்படிப் போனவன் ஒருவன் இருந்தான். கிணற்று மேட்டுக் கல் அசையாது, ஸ்பிரிங் போர்டு தூக்கி எறியும். அவன் கணக்கு வைத்திருந்த ஒரு சுற்று ஒன்றேகால் சுற்றாகிப் பக்கவாட்டில் காது அடிபட விழுந்தான். செவிப்பறை கிழிந்து, தலை சுற்றி, எந்தப் பக்கம் மேல் எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல் தண்ணீருக்குள் தடுமாறியவனைக் கையைப் பிடித்துத்தான் வெளியே கொண்டுவந்தோம்.

வேகத்தைப் பாருங்கள். 3 மீட்டரிலிருந்து விழுந்தால் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். 10 மீட்டர் மேடையிலிருந்து சுமார் 50. நம் ஊர்க் கணக்கில், தண்ணீர் நாற்பது அடி கீழே கிடக்கும் கிணற்றில் மேட்டிலிருந்து குதித்தால் 55க்குப் பக்கம், டிவிஎஸ் ஃபிஃப்டியை முறுக்கிக்கொண்டு போகும் வேகம். அந்த வேகத்தில் வயிறோ முதுகோ படுக்கையாக விழுந்தால் தண்ணீர் மெத்தையும் இல்லை, ஒன்றும் இல்லை. பயிற்சி பெற்ற டைவர்கள் உள்ளங்கையைத் தட்டையாக விரித்துத் தண்ணீரைக் குத்தி ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் உடம்பை நுழைக்கிறார்கள். தெறிப்பு குறைவாக இருப்பது அதனால்தான். ஆனால் மணிக்கட்டு முழுவதும் பின்னால் மடங்கிய நிலையில் அந்த அடியை வாங்குகிறது, ஒரு நாளைக்கு எத்தனை டைவோ அத்தனை தடவை. மணிக்கட்டு, கட்டைவிரல், முழங்கை, தோள், இடுப்பு என்று அடி வரிசையாக மேலே ஏறும். கண்ணின் விழித்திரை பிரிந்த டைவர்களும் உண்டு.

பலகையில் தலை அடிபடுவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் லுகானிஸ் தகுதிச் சுற்றில் தலையைப் பலகையில் மோதி, தையல் போட்டுக்கொண்டு வந்து தங்கமும் வாங்கியது எல்லாருக்கும் தெரியும். அதற்கு ஐந்து வருசம் முந்தைய கதையைப் பேசுவோர் குறைவு. 1983இல் கனடாவின் எட்மன்டனில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில், சோவியத் டைவர் செர்கெய் ஷாலிபாஷ்விலி 10 மீட்டர் மேடையிலிருந்து ரிவர்ஸ் மூன்றரைச் சுற்று போட முயன்றார். ரிவர்ஸ் என்றால் முன்னால் எம்பிக்கொண்டே உடம்பைப் பின்னால், அதாவது மேடையை நோக்கிச் சுழற்றுவது. தலை மேடையில் மோதியது. சில நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்துபோனார், வயது 21. உலகத் தரத்தில் பழகியவருக்கே கொஞ்ச விலகல் போதுமானதாக இருந்தது.

நம் ஊரில் இதைவிட அதிகம் பயப்பட வேண்டியது உயரத்துக்கு அல்ல, ஆழத்துக்கு. 10 மீட்டர் மேடைக்குக் கீழே 5 மீட்டர் வரை ஆழம் கேட்கிறார்கள். நீச்சல் போட்டியில் ஸ்டார்ட் எடுக்கும் கட்டைக்கு முன்னால் குறைந்தது 1.35 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட நாலரை அடி இருக்க வேண்டும் என்பது உலக நீச்சல் அமைப்பின் விதி. நான் நீந்திய ஒரு குளத்தில் ஆழமில்லாத பக்கம் மூன்றரை அடி, ஸ்டார்ட் கட்டை அந்தப் பக்கமே. கிணற்றுப் பையன் செங்குத்தாகக் குதித்துப் பழகியவன், அவன் உடம்பைப் பொறுத்தவரை தண்ணீர் என்றால் அடியில்லாதது. முதல் நாள் ஸ்டார்ட்டில் நான் நெற்றியைத் தரையில் தேய்த்துக்கொண்டு எழுந்தேன், தோல்தான் போனது. கொஞ்சம் செங்குத்தாகப் போயிருந்தால் தலை தரையில் நிற்க, பின்னால் வரும் மொத்த உடம்பின் எடையும் கழுத்தில் இறங்கியிருக்கும். பெரும்பாலும் நொறுங்குவது ஐந்தாவது, ஆறாவது கழுத்தெலும்புகள். தண்டுவடம் அங்கே நசுங்கினால் தோள் கொஞ்சம் அசையும், விரல் அசையாது, கால் அசையாது. அப்படிப்பட்டவர்களில் பலர் இருபதைச் சுற்றிய வயதுக்காரர்கள்.

இதே விபத்து எதிர்த் திசையிலும் நடக்கிறது. குளத்தில் பழகியவன் லீவில் நண்பர்களோடு கீழ்பவானி வாய்க்காலுக்கோ கொடிவேரி அணைக்கோ பவானி கூடுதுறைக்கோ போய் ஸ்டைலாகத் தலைகீழாக டைவ் அடிக்கிறான். வாய்க்கால் தண்ணீர் முறை வைத்து விடுவது, போன வாரம் கழுத்தளவு, இந்த வாரம் முட்டியளவு, கலங்கல் தண்ணீரில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆற்றில் மணல் அள்ளிய குழியும் பாறையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். கிணறும் அப்படித்தான். கார்த்திகையில் நாற்பது அடி நின்ற தண்ணீர் சித்திரையில் ஆறடி, நடுவில் மோட்டார் பைப், ஃபுட்வால்வு, வெடி வைத்த பாறை நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் அப்பாரு (தாத்தா) கோடையில் முதல் குதி குதிக்கும் முன்னால் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு அளப்பார், நனைந்த கயிற்றை முழத்தில் எண்ணிவிட்டுத்தான் "செரி, போ கண்ணு" என்பார்.

யாராவது தலைகீழாகக் குதித்து எழவில்லை என்றால் ஓடிப்போய்க் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போடுவதுதான் நாம் எல்லோரும் செய்வது. முறிந்த எலும்பு தண்டுவடத்தை வெட்டுவது சில சமயம் அந்தத் தூக்கலில்தான். தண்ணீருக்குள்ளேயே முகம் மேலே இருக்கும்படி மெதுவாகத் திருப்பி, தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிடித்து மிதக்க வைத்து, 108க்குச் சொல்லிவிட்டு, ஆளைக் கிடத்தித் தூக்கும் பலகை வரும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது, கழுத்தை அசைக்காமல் வெளியே எடுத்து மூச்சு ஊதுவதுதான் முதல் வேலை.

முங்கு நீச்சல் பந்தயம் பற்றியும் ஒரு வார்த்தை. முங்குவதற்கு முன்னால் வேக வேகமாக மூச்சை இழுத்து விடுவதில் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, கரியமில வாயுதான் குறைகிறது. "மூச்சு எடு" என்று மூளைக்குச் சொல்வது அந்தக் கரியமில வாயு. அது சொல்லாமல் விட்டால், திணறல் எதுவும் தெரியாமலே தண்ணீருக்குள் மயக்கம் வரும். மேலே நிற்கும் நண்பர்கள் கடிகாரத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் மாமன் தோட்டத்துக் கிணற்றில் லீவு நாளில் இப்போதும் பையன்கள் கூடுகிறார்கள், அதில் இரண்டு பேர் காலேஜ் அணி. மாமன் இரண்டு வருசம் முன்னால் தண்ணீர் வற்றியபோது உள்சுவரில் அடியிலிருந்து மேல்வரை வெள்ளைப் பெயின்டில் அடிக்கணக்கு எழுதி வைத்தார். பன்னிரண்டு அடிக் குறி தண்ணீரில் மறையாமல் வெளியே தெரிய ஆரம்பித்ததும், பையன்கள் குதிக்க ஏறும் மோட்டார் ரூம் மாடிக்குப் போகும் ஏணியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுவார்.